150 டாலர் ஃப்ரீ கிரெடிட்... அப்புறம் ஏன் 50,000 ரூபாய் பில் வந்துச்சு? க்ரூஸ் ஆன்போர்டு கிரெடிட் முழு விளக்கம்



சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற 3 நாள், 4 நாள் க்ரூஸ் பேக்கேஜ் விளம்பரங்களை நீங்க பார்த்திருப்பீங்க. அதுல கொட்டை எழுத்துல ஒரு வரி இருக்கும்: "இன்றே புக் செய்தால் 150 டாலர் ஆன்போர்டு கிரெடிட் இலவசம்!"

150 டாலர்னா, ஒரு டாலருக்கு 90 ரூபாய்னு வெச்சா 13,500 ரூபாய். (இந்தப் பதிவு முழுக்க கணக்கு எளிதா இருக்க 90-ஐயே எடுத்துக்கிறேன். நீங்க போற நாளோட ரேட்டைப் போட்டுக்குங்க.) மாசம் 50,000, 60,000 சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு இது சின்னத் தொகை இல்ல. அதனால "13,500 ரூபாய் தள்ளுபடி"ன்னு மனசுல பதிஞ்சிடும்.

ஆனா அது தள்ளுபடி இல்ல. எப்படின்னு பார்ப்போம்.

ஆன்போர்டு கிரெடிட் என்றால் என்ன?

பெரிய க்ரூஸ் கப்பல்களில் ஏறியதும் உங்க கையில் ஒரு கார்டு கொடுப்பாங்க. ராயல் கரீபியனில் இதற்கு சீபாஸ் என்று பெயர். ரூம் சாவியும் அதுதான், கப்பலுக்குள்ள செலவு செய்யும் கார்டும் அதுதான். கப்பலுக்குள் பொதுவா ரொக்கம் வாங்க மாட்டாங்க. காபி, ஸ்பா, போட்டோ, டி-ஷர்ட் என்று எதை வாங்கினாலும் உங்க கேபின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாளில் மொத்தத் தொகையும் நீங்க பதிவு செய்த கிரெடிட் கார்டில் போய் விழும். இந்தக் கணக்கு அறிக்கைக்குப் பெயர் ஃபோலியோ.

அந்தக் கணக்கில் முன்கூட்டியே வரவு வைக்கப்படும் தொகைதான் ஆன்போர்டு கிரெடிட். உங்க ஆபீஸ்ல மீல் கார்டு கொடுக்குறாங்க இல்லையா, அதே மாதிரின்னு நினைச்சுக்குங்க. பணம் உங்களுடையதுதான். ஆனா எங்க செலவு பண்ணணும், எந்தத் தேதிக்குள்ள பண்ணணும், எதுக்குப் பண்ணக் கூடாது என்பதை வேற ஒருத்தர் முடிவு பண்ணியிருக்கார்.

இது பல வழிகளில் வரும்: க்ரூஸ் நிறுவனத்தின் சீசன் ஆஃபர், டிராவல் ஏஜென்ட் தன் கமிஷனில் இருந்து தருவது, கப்பலிலேயே அடுத்த பயணத்தை புக் செய்தால் கிடைப்பது, சேவையில் குறை வந்தால் தரும் இழப்பீடு.

கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனங்கள், குறைந்தது 100 பங்கு வைத்திருப்பவர்களுக்கு பயண நாட்களைப் பொறுத்து 50 டாலரில் இருந்து 250 டாலர் வரை கிரெடிட் தரும் வழக்கமும் இருக்கு. இதைச் சொன்னதும் "அப்போ 100 பங்கு வாங்கலாமா?"ன்னு கேட்பீங்க. வேண்டாம். கிரெடிட்டுக்காக லட்சக்கணக்கில் ஒரே நிறுவனத்தில் முதலீடு செய்வது, ஒரு டம்ளர் பாலுக்காக மாடு வாங்குற கதை. முதலீடு வேற, சுற்றுலா வேற.

இரண்டு வகை: இதைக் கேட்காம புக் பண்ணாதீங்க

*ரீஃபண்டபிள்:* செலவு செய்யாமல் மீதி இருந்தால், பயணம் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். உதாரணமா, மோசமான வானிலையால் கப்பல் ஒரு துறைமுகத்துக்குப் போகவில்லை என்றால், நீங்க ஏற்கனவே கட்டிய துறைமுக வரியைப் பல நிறுவனங்கள் கணக்கில் வரவு வைப்பாங்க. அது பொதுவா இந்த வகை.

*நான்-ரீஃபண்டபிள்:* பயணத்தின் கடைசி இரவோடு காலாவதி. மீதி 1 டாலர் இருந்தாலும் 100 டாலர் இருந்தாலும் போச்சு. விளம்பரத்தில் வரும் ஆஃபர் கிரெடிட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதைப் பணமா மாத்த முடியாது. கேசினோவிலும் பொதுவா செல்லாது. அடுத்த பயணத்துக்கும் எடுத்துட்டுப் போக முடியாது.

இரண்டும் ஒரே கணக்கில் இருந்தால், எது முதலில் கழியும்னு முதல் நாளே கப்பலின் கெஸ்ட் சர்வீஸ் கவுன்ட்டரில் கேட்டு வெச்சுக்குங்க. நான்-ரீஃபண்டபிள் முதலில் கழிவதுதான் உங்களுக்கு லாபம்.

ஒரு ஃபோலியோவைப் படிப்போம்

எனக்குத் தெரிந்த ஒரு இளம் தம்பதி, இரண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, 4 இரவு க்ரூஸ் போயிட்டு வந்து ஃபோலியோவை அனுப்பினாங்க. "150 டாலர் ஃப்ரீன்னு சொன்னாங்களே, எப்படி இவ்வளவு பில்?"ன்னு கேள்வி. புரிவதற்காக எண்களை ரவுண்டு பண்ணித் தர்றேன்:

- கிராஜுவிட்டி: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் வீதம், 2 பேர், 4 நாள் = 144 டாலர்
- வைஃபை: ஒரு போனுக்கு நாளைக்கு 20 டாலர், 2 போன், 4 நாள் = 160 டாலர்
- பானங்கள், 18% சர்வீஸ் சார்ஜ் உட்பட = 99 டாலர்
- ஸ்பா, 18% சர்வீஸ் சார்ஜ் உட்பட = 165 டாலர்
- போட்டோக்கள் = 80 டாலர்
- கப்பல் பெயர் போட்ட டி-ஷர்ட், கப் = 52 டாலர்

மொத்தம் 700 டாலர். கிரெடிட் 150 போக, கட்ட வேண்டியது 550 டாலர். அதாவது 49,500 ரூபாய். வங்கியின் ஃபாரெக்ஸ் மார்க்அப் சேர்த்து கார்டில் விழுந்தது சுமார் 51,500 ரூபாய்.

கிராஜுவிட்டின்னதும் நமக்கு 5 வருஷம் சர்வீஸ் முடிச்சா ஆபீஸ்ல கிடைக்கிற பணம்தான் ஞாபகம் வரும். இது அது இல்லை. கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ். நீங்க தனியா கொடுக்கத் தேவையில்லை, தினமும் தானாகவே கணக்கில் ஏறும்.

சிக்கல் ஆரம்பிச்சது அங்கதான். தினமும் 36 டாலர். முதல் நாள் 36, இரண்டாம் நாள் 72, மூணாம் நாள் 108, நாலாம் நாள் 144. வேற எதுவுமே வாங்காம சும்மா கடலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாலும், அந்த 150 டாலர் கிட்டத்தட்ட தீர்ந்திருக்கும்!

ஆனா அவங்க மனசுல 150 அப்படியே இருந்துச்சு. மனைவி ஸ்பாவுக்குப் போகும்போது "கிரெடிட்ல கழிஞ்சிடும்". போட்டோ கவுன்ட்டரில் "அதான் கிரெடிட் இருக்கே". கடைசி நாள் கணவர் டி-ஷர்ட் எடுக்கும்போது "எப்படியும் எக்ஸ்பயர் ஆகப் போகுது, வாங்கிடுவோம்". ஒரே 150 டாலரை நாலு தடவை செலவு பண்ணியிருக்காங்க.

இப்போ முக்கியமான கேள்வி. கிரெடிட்டே இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்? அவங்ககிட்டயே கேட்டேன். "ஸ்பாவுக்கும் போயிருக்க மாட்டோம், போட்டோவும் வாங்கியிருக்க மாட்டோம், டி-ஷர்ட்டும் எடுத்திருக்க மாட்டோம்"னு பதில்.

அப்படின்னா பில் 144 + 160 + 99 = 403 டாலர்.

கிரெடிட் இருந்ததால் கட்டியது 550 டாலர்.

அதாவது 150 டாலர் "இலவசம்" கிடைச்சதால, அவங்க பாக்கெட்டில் இருந்து 147 டாலர் கூடுதலா போயிருக்கு. 13,230 ரூபாய்! ஸ்பாவும் போட்டோவும் அவங்களுக்கு சந்தோஷம் கொடுத்திருந்தா, அது நல்ல செலவுதான். அதைத் தப்புன்னு நான் சொல்லல. ஆனா தெரிஞ்சு பண்ணின செலவா, இலவசம்னு நினைச்சுப் பண்ணின செலவா என்பதுதான் விஷயம்.

நம்ம மூளை ஏன் இப்படி ஏமாறுது?

2017-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் இதற்கு ஒரு விளக்கம் சொல்றார். நாம எல்லாப் பணத்தையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. சம்பளம் ஒரு டப்பா, போனஸ் ஒரு டப்பா, பரிசு ஒரு டப்பான்னு மனசுக்குள்ள தனித்தனியா போட்டு வைக்கிறோம். சம்பளப் பணத்தில் 14,000 ரூபாய்க்கு ஸ்பா போகணும்னா பத்து தடவை யோசிப்போம். "ஓசிப் பணம்" டப்பாவில் இருந்து எடுக்கும்போது கை கூசாது.

ஆன்போர்டு கிரெடிட் கொடுக்கும் நிறுவனங்களுக்கு இதில் வியாபாரம் இருக்கு. அதே 150 டாலரை கட்டணத்தில் குறைச்சிருந்தா, அவங்களுக்கு 150 முழுசா நஷ்டம். கிரெடிட்டா கொடுத்தா, அது அவங்க கடையிலேயே, அவங்க வைக்கிற விலையில் செலவாகும். கூடவே உங்க சொந்தப் பணத்தையும் இழுத்துட்டு வரும்.

இரண்டு ஆஃபரை எப்படி ஒப்பிடுவது?

ஆஃபர் 1: இருவருக்கு 1,20,000 ரூபாய், கூடவே 150 டாலர் நான்-ரீஃபண்டபிள் கிரெடிட்.
ஆஃபர் 2: அதே கப்பல், அதே கேபின், 1,10,000 ரூபாய். கிரெடிட் கிடையாது.

மேலோட்டமா பார்த்தா ஆஃபர் 1-ல் 13,500 ரூபாய் கிரெடிட், வித்தியாசமோ 10,000 தான். 3,500 ரூபாய் லாபம் மாதிரி தெரியும். ஆனா ஒரு நிமிஷம் நில்லுங்க. கிரெடிட்டின் மதிப்பு அதில் அச்சடிச்ச தொகை இல்லை. கிரெடிட் இல்லாவிட்டாலும் நீங்க கப்பலில் எவ்வளவு செலவு செய்திருப்பீங்களோ, அதுதான் அதன் மதிப்பு. அதிகபட்சம் 150.

கிராஜுவிட்டி பேக்கேஜில் சேரவில்லை, கப்பலில் 144 டாலர் கட்டியே ஆகணும்னா, கிரெடிட்டின் மதிப்பு குறைந்தது 12,960 ரூபாய். ஆஃபர் 1 நல்லது.

கிராஜுவிட்டி ஏற்கனவே பேக்கேஜில் சேர்ந்திருக்கு, நீங்க கப்பலில் 60 டாலருக்கு மேல செலவு பண்ற ஆளும் இல்லைன்னா, அதன் மதிப்பு வெறும் 5,400 ரூபாய். ஆஃபர் 2 எடுத்தா 4,600 ரூபாய் மிச்சம்.

இன்னொரு நுணுக்கம். வைஃபை, பானங்கள் பேக்கேஜ் போன்றவற்றைப் பயணத்துக்கு முன்னாடியே ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு. ஆனா பல கிரெடிட்டுகள் கப்பலில் ஏறிய பிறகுதான் வேலை செய்யும். முன்பதிவில் 16 டாலருக்குக் கிடைக்கும் வைஃபையை கப்பலில் 20 டாலருக்கு வாங்கினால், உங்க 100 டாலர் கிரெடிட் உண்மையில் 80 டாலர்தான். சில நிறுவனங்கள் முன்பதிவுக்கும் கிரெடிட்டைப் பயன்படுத்த விடுவாங்க. புக் செய்யும்போதே கேட்டுடுங்க.

ஏஜென்ட்கிட்ட கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கிரெடிட் ரீஃபண்டபிளா, இல்லையா?
2. ஒருவருக்கா, ஒரு கேபினுக்கா? "150 டாலர்"னு விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் கேபினுக்கு. இரண்டு பேருக்கு 300னு கணக்குப் போட்டுடாதீங்க.
3. கிராஜுவிட்டி பேக்கேஜில் இருக்கா, கப்பலில் கட்டணுமா? கப்பலில் கட்டினால் கிரெடிட்டில் கழியுமா?
4. எதற்கெல்லாம் செல்லாது?
5. விலை குறைந்து, நான் மறுபடியும் புக் செய்தால் கிரெடிட் இருக்குமா? பழைய ஆஃபர் ரத்தாகி, கிரெடிட்டும் போய்விடும் வாய்ப்பு இருக்கு.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். பதிலை மெயிலில் வாங்குங்க. முதல் நாளே ஃபோலியோவில் கிரெடிட் ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலைன்னா அந்த மெயில்தான் உங்க ஆதாரம்.

எந்த வரிசையில் செலவு செய்வது?

முதலில், எப்படியும் கட்டியே ஆக வேண்டியது: கிராஜுவிட்டி. கிரெடிட் இருக்கிறவங்க, விருப்பம் இருந்தா மட்டும் முன்கூட்டியே கட்டலாம் என்ற நிலை இருந்தால், அதை முன்பணமா கட்டாம கப்பலில் ஏற விடுங்க. கிரெடிட் அதில் கழிந்தால், அந்த கிரெடிட் கிட்டத்தட்ட ரொக்கத்துக்குச் சமம்.

இரண்டாவது, உண்மையில் தேவைப்படுவது: வைஃபை, சலவை. இரண்டு பேருக்கும் வைஃபை தேவையா, ஒரு போனுக்குப் போதுமா என்று யோசிங்க. அந்தத் தம்பதிக்கு ஒரு போன் மட்டும்னு வெச்சிருந்தா 80 டாலர் மிச்சம்.

மூணாவது, ஊரிலேயே திட்டமிட்ட ஒரே ஒரு அனுபவம்: ஒரு ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட் டின்னரோ, பினாங்கில் இறங்கி ஒரு டூரோ. கிரெடிட் போதலைன்னா, மீதியை பட்ஜெட்டில் முன்னாடியே ஒதுக்கிடுங்க.

பானங்கள் பேக்கேஜ் எடுக்கும் முன் ரொம்ப கவனம். பல நிறுவனங்களில், மதுபான பேக்கேஜை ஒருத்தர் எடுத்தா, அதே கேபினில் இருக்கும் மற்ற பெரியவர்களும் எடுத்தாகணும். ஒருத்தர் குடிக்கிற வழக்கமே இல்லைன்னாலும் பணம் இரண்டு பேருக்கு.

கார்டு, டிசிஎஸ்: நம்ம ஊர் கணக்கு

கப்பல் கணக்கோடு டெபிட் கார்டை இணைக்காதீங்க. செலவு ஏற ஏற உங்க வங்கிக் கணக்கில் பணத்தை ஹோல்டு பண்ணுவாங்க. அது விடுபட சில நாட்கள் ஆகலாம். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கடன் இஎம்ஐ பவுன்ஸ் ஆச்சுன்னா சிபில் ஸ்கோர் வரைக்கும் பாதிக்கும்.

கிரெடிட் கார்டில் பொதுவான ஃபாரெக்ஸ் மார்க்அப் 3.5%. அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தா 4.13%. மார்க்அப் குறைவான கார்டு வெச்சிருந்தா அதைக் கொடுங்க. "பில்லை ரூபாயில் போடட்டுமா?"ன்னு கேட்டால் வேண்டாம்னு சொல்லுங்க. அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்க வங்கியின் விகிதத்தை விட மோசமா இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும்போது இன்டர்நேஷனல் கிரெடிட் கார்டில் செய்யும் செலவுக்கு டிசிஎஸ் பிடிப்பதை மத்திய நிதி அமைச்சகம் 2023 ஜூனில் தள்ளி வெச்சது. ஆனா இந்திய ஏஜென்ட் மூலம் வாங்கும் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் உண்டு. 2025-26 நிதியாண்டில் இது 10 லட்சம் வரை 5%-ஆ இருந்துச்சு. பட்ஜெட்டில் விகிதம் மாறும், அதனால் புக் செய்யும் நாளில் என்னன்னு பாருங்க. இது கூடுதல் செலவு இல்லை. 26ஏஎஸ்-இல் வரும், ரிட்டர்னில் கழிச்சுக்கலாம். 2024 அக்டோபரில் இருந்து, இந்த விவரத்தை ஆபீஸில் கொடுத்து சம்பள டிடிஎஸ்ஸிலேயே குறைக்கச் சொல்லவும் வழி இருக்கு. ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க.

எல்லாத்துக்கும் மேல, திரும்பி வந்ததும் அந்த பில்லை முழுசா கட்டுங்க. 51,500 ரூபாய் பில்லுக்கு மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு விட்டா, மாசம் 3.5% வட்டி, அதுக்கு ஜிஎஸ்டின்னு முதல் மாசமே சுமார் 2,000 ரூபாய். அப்புறம் அந்தக் கார்டில் நீங்க வாங்குற மளிகைக்கும் வாங்கின நாளில் இருந்து வட்டி ஓடும். நாலு நாள் சந்தோஷத்துக்கு ஒரு வருஷம் வட்டி கட்டுறவங்களை நான் நிறைய பார்க்கிறேன்.

கடைசி இரவுக்கு முந்தின இரவு

தினமும் ஒரு தடவை ஆப்பிலோ ரூம் டிவியிலோ ஃபோலியோவைப் பாருங்க. ஒரு நிமிஷ வேலை. கடைசி இரவுக்கு முந்தின இரவு, உட்கார்ந்து வரி வரியா சரிபாருங்க. நீங்க வாங்காதது ஏதாவது இருந்தால் அடுத்த நாளே கவுன்ட்டரில் சொல்லலாம். இறங்கும் நாள் காலையில் அங்கே பெரிய க்யூ நிக்கும்.

அப்போ மீதி 12 டாலர் இருக்குன்னு வெச்சுக்குவோம். மறுநாள் ஏறப்போற கிராஜுவிட்டியே அதை எடுத்துக்குமான்னு முதல்ல பாருங்க. எடுத்துக்காதுன்னா, 12 டாலருக்குள் தேவையான பொருள் கிடைச்சா வாங்குங்க. கிடைக்கலையா? விட்டுட்டு வாங்க. 12 டாலரைக் காப்பாத்த 45 டாலர் டி-ஷர்ட் வாங்கினா, நீங்க 12 சேமிக்கல, 33 செலவு பண்ணியிருக்கீங்க.

இந்தக் கணக்கு க்ரூஸுக்கு மட்டும் இல்லை. ஃபுட் ஆப் கூப்பன், ஷாப்பிங் வவுச்சர், கார்டு ரிவார்டு பாயின்ட் எல்லாத்துக்கும் இதே ஒரு கேள்விதான்: "இது இல்லாவிட்டாலும் நான் இதை வாங்கியிருப்பேனா?" ஆமான்னா, அது உங்க பணம், தாராளமா பயன்படுத்துங்க. இல்லைன்னா, அது அவங்க போட்ட தூண்டில்.

க்ரூஸ் பட்ஜெட் போடுறது எப்படின்னு சேனல்ல வீடியோவாவும் போட்டிருக்கேன். உங்க பேக்கேஜ்ல ஏதாவது நிபந்தனை புரியலைன்னா கமென்ட்ல கேளுங்க, பதில் சொல்றேன். கடல் காத்தை நல்லா அனுபவிச்சுட்டு வாங்க!